இன்டர்நெட் போன் கம்பனியில் 10 லட்சம் போடலாமா? முதலில் வந்த கம்பனிகளுக்கு என்ன நடந்தது?

கிருலப்பனைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் வீட்டில் இதைப் பற்றிக் கதைக்க ஆளில்லை.

என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா முறை, அவரும் அவரோடு கம்பஸில் படித்த இரண்டு பேரும் சேர்ந்து 2 வருடமாக ஒரு கம்பனி நடத்துகிறார்கள். சின்ன ஹோட்டல், டிஸ்பென்சரி, டியூஷன் நிலையம் மாதிரியான இடங்களுக்கு இன்டர்நெட் வழியாகப் போகும் போன் சேவை கொடுப்பதுதான் தொழில். ஒபிஸுக்குள் அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் பழைய பிஏபிஎக்ஸ் பெட்டி தேவையில்லை, ரிசெப்ஷனில் இருக்கும் பிள்ளை கைப்போனிலேயே ஒபிஸ் அழைப்பை எடுக்கலாம், அழைப்பெல்லாம் பதிவாகும். என் தோழியின் டிஸ்பென்சரியில் 8 மாதமாக இது இருக்கிறது, குறை சொல்லவில்லை. இப்போது அண்ணா என்னிடம் 10 லட்சம் கேட்கிறார், 4 வீதப் பங்கு தருவதாகச் சொல்கிறார். அந்த 10 லட்சம் எனக்குச் சின்னக் காசு இல்லை, 4 வருடம் சேர்த்தது.

மைக்ரோசொப்ட் 2011-இல் ஸ்கைப்பை 8.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது, சுவீடனின் எரிக்சன் 2022-இல் வொனேஜ் என்ற அமெரிக்க இன்டர்நெட் போன் கம்பனியை 6.2 பில்லியனுக்கு வாங்கியது, இந்தத் துறை எப்போதும் வளரும் துறை என்று அண்ணா ஒரு அட்டவணை காட்டினார். நானும் தேடி வாசித்தேன், ஆனால் வாசிக்க வாசிக்கக் குழப்பம்தான் கூடியது. சில கம்பனிகள் முதல் ஆளாக வந்தும் காணாமல் போயிருக்கின்றன, பிந்தி வந்த சில உச்சத்துக்குப் போயிருக்கின்றன. துறை வளர்ந்தது உண்மை என்றால் அதில் முதலில் காசு போட்டவர்கள் ஏன் எல்லோரும் உழைக்கவில்லை? இதை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அண்ணாவிடம் என்ன கேட்க வேண்டும் என்றும் சொன்னால் பெரிய உதவி.

பழைய மோடம் எழுதியது:

பிள்ளை, நான் 1998 முதல் 2005 வரை வெள்ளவத்தையில் காலி வீதியோரம் கொமினிகேஷன் கடை வைத்திருந்தவன், அதனால் நீர் கேட்பதை நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லலாம்.

கடையில் பிளைவுட் அடித்த மூன்று கூண்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே சிவப்பு இலக்கம் ஓடும் மீற்றர். அந்த நாளில் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பிலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜ்களில் விசாவுக்காகக் காத்திருந்த சனம்தான் என் வாடிக்கையாளர். காலை ஆறரைக்கே கதவடியில் நிற்பார்கள். ரொறன்ரோவில் அது முதல் நாள் இரவு, பிள்ளைகள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் நேரம். சாதாரண லைனில் கனடா எடுத்தால் மீற்றரைப் பார்த்துக்கொண்டே கதைப்பார்கள், சுகமா, காசு கிடைத்ததா, வை என்று முடித்துவிடுவார்கள். அழுதாலும் அவசரமாக அழ வேண்டும்.

2000-இல் நான் கணினி ஒன்று வாங்கி, 56கே மோடம் பூட்டி, இன்டர்நெட் வழியாக வெளிநாட்டுக்கு அழைக்க விடும் நெட்டூபோன் என்ற அமெரிக்கக் கம்பனியில் கணக்கு ஒன்று எடுத்தேன். முதல் நாள் ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், ஹெட்செட்டின் மைக்கை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு மகனோடு 22 நிமிடம் கதைத்தா. குரல் போய்ச் சேர ஒரு நொடி ஆகும், நீங்கள் சொன்னதே திரும்பி உங்கள் காதில் விழும், அதனால் ஒரு வசனம் சொல்லிவிட்டு வாயை மூடிக் காத்திருக்க வேண்டும் என்று நான்தான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன். 22 நிமிடத்துக்கும் அவ கொடுத்தது பழைய லைனில் 5 நிமிடத்துக்குக் கொடுக்கும் காசைவிடக் குறைவு. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, பழைய லைனின் காலம் முடிந்தது என்று. அது சரியாகத்தான் இருந்தது. நான் பிழை விட்ட இடம் வேறு.

கனடாவில் இருந்த மச்சானிடம் சொல்லி அப்படியான ஒரு கம்பனியின் பங்கு வாங்கச் சொன்னேன், என் காசும் அவர் காசும். எந்தக் கம்பனி என்பது வேண்டாம். 50 டொலருக்கு மேலே வாங்கினோம், இரண்டு வருடம் கழித்து 4 டொலருக்கு விற்றோம். அந்த இரண்டு வருடத்திலும் என் கடையில் இன்டர்நெட் அழைப்பு கூடிக்கொண்டே போனது. கூட்டம் கூடுகிறது, பங்கு விழுகிறது. இதைத்தான் நீர் கேட்கிறீர்.

பதில் என் கடையிலேயே இருந்தது, நான் அப்போது பார்க்கவில்லை. நெட்டூபோனைவிட ஒரு சதம் குறைவாக இன்னொரு கம்பனி வந்தால் நான் ஒரே பின்னேரத்தில் மாறிவிடுவேன். பழைய மென்பொருளை அழித்து, புதியதை இறக்கி, கார்டில் காசு கட்டினால் அடுத்த நாள் காலை ஆறரைக்குப் புதிய கம்பனியில் அழைப்பு போகும். என் வாடிக்கையாளருக்கு எந்தக் கம்பனி என்று தெரியவே தெரியாது. மகனின் குரல் கேட்டால் போதும். மூன்று வருடத்தில் ஐந்து கம்பனி மாறினேன். ஐந்தும் நல்ல கம்பனிகள்தான். ஆனால் என்னைக் கட்டி வைக்க ஒன்றிடமும் ஒன்றும் இருக்கவில்லை, விலையைக் குறைப்பதைத் தவிர. விலை குறைந்த இலாபம் முழுக்க அந்த அம்மாவுக்குப் போனது, கொஞ்சம் எனக்கு வந்தது, பங்கு வைத்திருந்தவனுக்கு மிஞ்சவில்லை.

நெட்டூபோனின் கதையைப் பாரும், எல்லாம் பகிரங்கமாக இருக்கும் கணக்குத்தான். 1999 ஜூலையில் பங்கு ஒன்று 15 டொலருக்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த வசந்தத்தில் ஏடி அன்ட் டி, அமெரிக்காவின் மிகப் பெரிய போன் கம்பனி, புதிய பங்கு ஒன்றுக்கு 75 டொலர் கொடுத்து உள்ளே வந்தது. மொத்த முதலீடு 1.4 பில்லியன் டொலர் அளவு. போன் தொழிலை ஆதியிலிருந்து தெரிந்தவர்களே அந்த விலை கொடுத்தார்கள் என்றால் எங்களைப் போன்றவர்கள் எம்மாத்திரம். 2006-இல் தாய்க் கம்பனி ஐடிடி மிச்சப் பங்குகளைத் திரும்ப வாங்கியபோது கொடுத்தது 2 டொலர் சொச்சம்.

இங்கே கொழும்பிலும் அதேதான் நடந்தது. வெளிநாட்டு அழைப்பு உரிமை 2002 ஆகஸ்ட் வரை ஸ்ரீலங்கா டெலிகொம் கையில் மட்டும் இருந்தது. 2003-இல் அதைத் திறந்து விட்டார்கள், 30 கம்பனிக்கு மேல் வெளிநாட்டு அழைப்புக்கான அனுமதிப்பத்திரம் எடுத்தது. கட்டணம் பொத்தென்று விழுந்தது. அவற்றில் எத்தனை பெயர் இன்றைக்கு உமக்குத் தெரியும்? எனக்கு மொத்தமாக நிமிடம் விற்ற ஒருவரும் அப்போது என் முற்பணத்தோடு ஒபிஸைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார், அது வேறு கதை.

ஆகவே அண்ணாவிடம் ஒன்றே ஒன்று கேளும்: வாடிக்கையாளர் விட்டுப் போக நினைத்தால் ஒரே பின்னேரத்தில் போகலாமா?

பம்பலப்பிட்டி 4 எழுதியது:

ஐயா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் தங்கச்சியை இவ்வளவு பயப்படுத்தவும் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஸ்கைப்பில் ஆரம்பத்தில் இருந்தவர்கள் நன்றாகவே உழைத்தார்கள். 2003 ஓகஸ்டில் வந்த கம்பனி, 2 வருடத்தில் ஈபே 2.6 பில்லியன் டொலருக்கு வாங்கியது. பிறகு ஈபே 2007-இல் அதில் 1.4 பில்லியனைக் கணக்கிலிருந்து கழித்தது உண்மைதான், ஆனால் அதை 2009-இல் பெரும்பங்கை விற்று, மிச்சத்தை மைக்ரோசொப்டுக்குக் கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் உழைத்தார். சின்னக் கம்பனியில் முன்கூட்டியே போடுவதன் பயனே அதுதானே?

எஸ்ஐபி தொழிலாளி எழுதியது:

@பம்பலப்பிட்டி 4, அதே ஸ்கைப்பின் கணக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். 2010 முடியும்போது பதிவு செய்த பயனர் 66 கோடிக்கு மேல். அந்த வருட வருமானம் 860 மில்லியன் டொலர். தலைக்கு ஒரு டொலர் முப்பது சதம் மட்டில்தான் வருகிறது, அதுவும் வருடத்துக்கு. எல்லாக் கழிவும் போக அந்த வருடம் சின்ன நட்டம். அதாவது பயனர் எண்ணிக்கைக்கும் பணத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி. அந்த இடைவெளி ஒருநாள் மூடும் என்று நம்பித்தான் 8.5 பில்லியன் கொடுத்தார்கள். கடைசியில் 2025 மே 5-ஆம் திகதி சேவையையே மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மம்மா லண்டனில் இருக்கும் மாமாவை வாட்ஸ்அப்பில்தான் எடுக்கிறா, காசு கொடுத்து நிமிடம் வாங்கும் யோசனையே அவவுக்கு இல்லை.

நான் கொழும்பில் இந்தத் துறையில் 11 வருடம் வேலை செய்கிறேன், சேர்வர், ரூட்டிங், பில்லிங் எல்லாம். பழைய மோடம் ஐயா சொன்னது நிமிடம் விற்கும் தொழிலுக்கு நூற்றுக்கு நூறு சரி. ஏன் என்று தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இன்டர்நெட் அழைப்பு சாதாரணப் போனுக்குப் போனால், கடைசிக் கட்டத்தில் அந்தப் போனை வைத்திருக்கும் ஒப்பரேட்டருக்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும். அதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. நடுவில் குரலைச் சுருக்கி அனுப்பும் கொடெக்கும் பொதுவான தரம்தான். ஜி.711 என்றால் 64 கிலோபிட், ஜி.729 என்றால் 8 கிலோபிட், யாரும் பயன்படுத்தலாம். இன்டர்நெட் அழைப்பைத் தொடங்கி முடிக்கும் எஸ்ஐபி நெறிமுறையும் 1999-இலிருந்து பகிரங்கம். அஸ்டரிஸ்க் மாதிரி இலவச மென்பொருளை வைத்து ஒரு கெட்டிக்காரப் பெடியன் ஒரு கிழமையில் போன் எக்ஸ்சேஞ்ச் ஒன்றைக் கட்டிவிடுவான். கீழே கட்டணம் உங்கள் கையில் இல்லை, மேலே விலையைப் போட்டியாளர் இழுக்கிறான், நடுவில் மிஞ்சுவது மிகவும் மெல்லிய கோடு.

ஆனால் அக்கா சொல்லும் தொழில் அது மட்டும் அல்ல. டிஸ்பென்சரிக்கு மாதக் கட்டணத்தில் எக்ஸ்டென்ஷன், அதாவது ஒபிஸ் உள் இலக்கம், கொடுப்பது வேறு மாதிரித் தொழில். வொனேஜின் கதையில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 2006 மே மாதம் 17 டொலருக்குச் சந்தைக்கு வந்தது, தங்கள் வாடிக்கையாளருக்கே பங்கு வாங்க இடம் கொடுத்தார்கள், சேவையை விரும்பிய சனம் ஆசையாக வாங்கியது. முதல் நாளே 15-க்கும் கீழே போனது. அதற்கு முந்திய வருடம் வருமானம் 269 மில்லியன், விளம்பரத்துக்கு மட்டும் 243 மில்லியன், நட்டம் 261 மில்லியன். 2007-இல் வெரைசன் என்ற பெரிய அமெரிக்கப் போன் கம்பனியோடு காப்புரிமை வழக்கில் தோற்று 58 மில்லியன் கட்டச் சொன்னார்கள். 2008-இல் பங்கு ஒரு டொலருக்கும் கீழே. வீட்டுப் போன் விற்றுக்கொண்டே இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பிறகு மெதுவாகக் கம்பனிகளுக்கான சேவை, மென்பொருளுக்குள் அழைப்பைச் செருகும் சேவை என்று மாறினார்கள், அந்தப் பகுதிக்காகத்தான் எரிக்சன் பங்குக்கு 21 டொலர் கொடுத்தது. 2006-இல் 17-க்கு வாங்கி 16 வருடம் அசையாமல் பிடித்துக்கொண்டு இருந்தவருக்கு மொத்தத்தில் 4 டொலர் இலாபம். வருடத்துக்கு ஒன்றரை வீதம்கூட இல்லை. எரிக்சனும் பிறகு அந்த 6.2 பில்லியனில் பெரும்பகுதியைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டி வந்தது. அண்ணா காட்டிய அட்டவணையில் இது இருக்காது என்று நினைக்கிறேன்.

அக்கா, நேரில் போய் மூன்று விஷயம் பாருங்கள். மாத வருமானத்தில் எவ்வளவு நிமிடம் விற்று வருகிறது, எவ்வளவு நிலையான மாதக் கட்டணம்? பிறகு, வாடிக்கையாளரின் போன் இலக்கம் யார் பெயரில் இருக்கிறது? இலங்கையில் 1991-ஆம் ஆண்டு 25-ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் அனுமதிப்பத்திரம் எடுத்தவர்தான் தொலைத்தொடர்பு முறைமை நடத்தலாம், சின்னக் கம்பனிகள் பெரும்பாலும் ஒரு பெரிய ஒப்பரேட்டரின் லைனைத்தான் வாங்கி மேலே மென்பொருள் போடுகின்றன. அப்படி என்றால் ஒப்பந்தம் எவ்வளவு காலத்துக்கு, அதே ஒப்பரேட்டர் நாளைக்கு இதே சேவையைத் தானே விற்றால் என்ன செய்வார்கள்? கடைசியாக, சேர்வர் வாடகை டொலரிலா ரூபாவிலா? 2022 மார்ச், ஏப்ரலில் டொலர் 200-இலிருந்து 300-ஐத் தாண்டிப் போனபோது எங்கள் ஒபிஸில் மாதக் கட்டணத்தை ஒரே நாளில் கூட்ட முடியாமல் நாங்கள் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை, வாடிக்கையாளரோடு ரூபா ஒப்பந்தம், சேர்வர்க்காரனுக்கு டொலர் பில்.

விட்டுப் போக முடியுமா என்ற ஐயாவின் கேள்விக்கு என் பதில்: அழைப்பு அந்த டிஸ்பென்சரியின் அப்பொயின்ட்மென்ட் கணினியோடு சேர்ந்திருந்தால், நோயாளி அழைக்கும்போது திரையில் பெயர் வந்தால், அவர்கள் இலேசில் போக மாட்டார்கள். வெறும் டயல் டோன் மட்டும் என்றால் அடுத்த மாதமே போவார்கள்.

கணக்குப்பிள்ளை, கொட்டாஞ்சேனை எழுதியது:

தொழிலைப் பற்றி இரண்டு பேரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள், நான் பங்கைப் பற்றி மட்டும்.

10 லட்சத்துக்கு 4 வீதம் என்றால் கம்பனியின் பெறுமதி 2 கோடியே 50 லட்சம் என்று நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்கள். இந்தக் கணக்கை அண்ணா உங்களுக்குச் சொன்னாரா? மாத வருமானத்தைக் கேட்டு 12-ஆல் பெருக்கி அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேலே பேசிய நெட்டூபோன், வொனேஜ் பங்குகள் சந்தையில் வாங்கி விற்கப்பட்டவை. பழைய மோடம் ஐயா 4 டொலருக்காவது விற்றார். இது பிரைவட் லிமிட்டட், உங்கள் 4 வீதத்தை வாங்க ஆள் வேண்டும், அந்த ஆள் வரும்வரை அது கடதாசிதான். டயலொக் 2005-இல் 12 ரூபாவுக்குக் கொழும்புச் சந்தைக்கு வந்தபோது வாங்கியவர்கள் பல வருடம் கழித்தும் அந்த விலையைச் சுற்றியே கிடந்தார்கள், ஆனால் பிள்ளையின் கலியாணத்துக்குக் காசு தேவைப்பட்ட நாளில் புரோக்கருக்கு ஒரு அழைப்பு எடுத்து விற்க முடிந்தது. உங்களால் முடியாது.

சொந்தக்காரர் என்பதால் கடதாசி கேட்க வெட்கப்பட வேண்டாம், சொந்தம் கெடாமல் இருக்கத்தான் கடதாசி. காசு கம்பனியின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், அண்ணாவின் கணக்குக்கு அல்ல. பங்கு ஒதுக்கிய பிறகு கம்பனிப் பதிவாளரிடம் படிவம் 6 போட வேண்டும், அதன் பிரதியை வாங்கி வையுங்கள். பங்குதாரர் ஒப்பந்தம் ஒன்று கட்டாயம். அதில் பிறகு புதிய பங்கு வெளியிட்டால் உங்கள் 4 வீதம் எப்படிக் குறையும், கம்பனி விற்கப்பட்டால் உங்களுக்கும் அதே விலை கிடைக்குமா, வருடக் கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டா என்பதெல்லாம் இருக்க வேண்டும். கணக்காய்வு செய்த கணக்கு இரண்டு வருடத்துக்கும் கேளுங்கள். தராவிட்டால் அதுவே பதில்.

கிருலப்பனைக்காரி எழுதியது:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். ஐயா, அண்ணாமார் எல்லோருக்கும் மிகவும் நன்றி, ஒவ்வொருவரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

போன சனிக்கிழமை நுகேகொடையில் உள்ள அவர்களின் ஒபிஸுக்குப் போனேன். கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். அண்ணா முதலில் முகம் சுருங்கினார், பிறகு அவருடைய கூட்டாளி ஒருவர், பில்லிங் பார்ப்பவர், கணினியைத் திருப்பி எனக்கே காட்டினார். மாத வருமானம் 3 லட்சத்து 50 ஆயிரம். 38 வாடிக்கையாளர். கொட்டாஞ்சேனை அண்ணா சொன்ன மாதிரிக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 42 லட்சம், அதன் கிட்டத்தட்ட ஆறு மடங்கு விலை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அதைவிட உள்ளே இருந்ததுதான் முக்கியம். அந்த 3 லட்சத்து 50 ஆயிரத்தில் 2 லட்சத்து 30 ஆயிரம் நிமிடம் விற்ற காசு. அதிலும் 1 லட்சத்து 40 ஆயிரம் அவுஸ்திரேலியாவுக்கு அழைக்கும் ஒரேயொரு கோல் சென்டர். எக்ஸ்டென்ஷன் மாதக் கட்டணம் மிச்ச 37 இடத்திலிருந்தும் சேர்த்து 1 லட்சத்து 20 ஆயிரம்தான். அந்த கோல் சென்டர் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஆனால் ஒரு நல்ல விஷயமும் பார்த்தேன், அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாதக் கட்டணத்தில் சேர்ந்த இடங்களில் இரண்டு வருடத்தில் விட்டுப் போனது மூன்று பேர்தான், அதில் ஒன்று கடையையே மூடிவிட்டது. டிஸ்பென்சரிகளுக்கு அப்பொயின்ட்மென்ட் புத்தகத்தோடு சேர்ந்த ஒரு திரை செய்திருக்கிறார்கள், நோயாளி அழைத்தால் பெயரும் கடைசியாக வந்த திகதியும் வருகிறது, தமிழிலும் சிங்களத்திலும். என் தோழி ஏன் குறை சொல்லவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அதை எழுதியது மூன்றாவது கூட்டாளி, மூன்று பேரிலும் ஆகக் குறைவாகக் கதைப்பவர்.

சேர்வர் பில் டொலரில்தான். லைன் ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிப்பது.

நான் 10 லட்சம் போடவில்லை. டிஸ்பென்சரித் திரையை மட்டும் விற்க ஒரு ஆளை 6 மாதம் சம்பளத்துக்கு வைக்க எவ்வளவு தேவை என்று கேட்டேன், 3 லட்சம் போதும் என்றார்கள். அதைக் கடனாகத் தருகிறேன், மாதக் கட்டண வருமானம் 2 லட்சத்தைத் தாண்டினால் அதைப் பங்காக மாற்றலாம், அப்போதைய விலையில், கொஞ்சம் கழிவோடு என்று சொல்லியிருக்கிறேன். அண்ணா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பெரியம்மா இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. அந்த மூன்றாவது கூட்டாளி மட்டும் நேற்று இரவு மெசேஜ் போட்டார், இரத்தினபுரிப் பக்கம் நாலு டிஸ்பென்சரி கேட்டிருக்கிறதாம், திங்கட்கிழமை போகிறாராம்.

கணக்குப்பிள்ளை அண்ணா, இப்படிக் கடனைப் பங்காக மாற்றும் ஒப்பந்தத்துக்கு எங்களுடைய கம்பனிச் சட்டத்தில் தனி மாதிரி ஏதும் இருக்கிறதா, அல்லது சட்டத்தரணியிடம் போய்ப் புதிதாக எழுத வேண்டுமா?

கணக்குப்பிள்ளை, கொட்டாஞ்சேனை எழுதியது:

சட்டத்தரணியிடமே எழுதுங்கள் தங்கச்சி. "கொஞ்சம் கழிவோடு" என்று எழுத விடாதீர்கள், எத்தனை வீதம் என்று இலக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். 2 லட்சம் தாண்டுவது ஒரு மாதம் மட்டுமா, தொடர்ந்து மூன்று மாதமா என்பதையும் போடுங்கள். தாண்டாவிட்டால் காசு எப்போது திரும்ப வரும் என்ற திகதியும் அதிலேயே இருக்கட்டும்.

பழைய மோடம் எழுதியது:

இரத்தினபுரி நாலும் சேர்ந்ததா என்று வந்து சொல்லும் பிள்ளை. பெரியம்மாவையும் ஒருக்கால் போய்ப் பாரும், போனில் வேண்டாம், நேரில்.